சாங்கி – ஜே.எஃப்.கே: சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே விமானத் தூரம், பயண நேரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள தூரங்கள் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே உள்ளவை. தூரம் மாறாது, அட்டவணை நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். டிக்கெட் எடுக்கும் நாளில் அதை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எத்தனை கிலோமீட்டர்?

15,349 கிலோமீட்டர். மைல் கணக்கில் 9,537. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைலில் 8,288. இடையில் எங்கும் இறங்காத பயணிகள் சேவைகளில் இப்போது உலகிலேயே நீளமானது இந்தத் தடம்தான்.

இடைநிற்காத விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூருக்கு (சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ 23) அட்டவணைப்படி சுமார் 18 மணி 50 நிமிடம். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு (எஸ்க்யூ 24) சற்றுக் குறைவு. பெரும்பாலும் 18 மணிக்கும் 18 மணி 45 நிமிடத்துக்கும் இடையில் இருக்கும்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வானில் பறக்கும் நேரம் அல்ல. வாயிலிலிருந்து விமானம் பின்னோக்கி நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, மறுமுனையில் வாயிலில் வந்து நிற்கும் வரையான நேரம் அது. ஓடுபாதைக்குப் போய்ச் சேருவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடக்கம். ஆகவே கண்காணிப்புச் செயலிகளில் ‘17 மணி 40 நிமிடம் பறந்தது’ என்று பார்த்துவிட்டு, விமானம் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இரண்டு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வழி எங்கே போகிறது?

வட துருவத்தை ஒட்டி. தட்டையான உலக வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினம். பசிபிக் பெருங்கடலின் குறுக்கே கோடு போட்டுவிடுவார்கள். உலக உருண்டை ஒன்றில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

சாங்கி கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகைக்கு அருகில் இருக்கிறது, ஜே.எஃப்.கே மேற்குத் தீர்க்கரேகை 74 பாகைக்கு அருகில். இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 178 பாகை, அதாவது ஏறக்குறைய பூமியின் எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால் மிகக் குறுகிய வழி சாங்கியிலிருந்து ஏறத்தாழ நேர் வடக்கே கிளம்பி, தாய்லாந்து வளைகுடா, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, துருவத்திலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர் தள்ளிக் கடந்து, கனடாவின் ஆர்க்டிக் தீவுகள், கியூபெக் வழியாக நியூயார்க்குக்கு இறங்குகிறது.

இந்தத் தூரத்தை நாமே கணக்கிட முடியுமா?

முடியும். இந்தத் தடத்துக்கு மனக்கணக்கே போதும். வழி கிட்டத்தட்டத் துருவத்தின் மேல் போவதால் அட்சரேகைகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

சாங்கியின் அட்சரேகை 1.36 வடக்கு, துருவத்துக்கு 88.64 பாகை. ஜே.எஃப்.கே 40.64 வடக்கு, துருவத்துக்கு 49.36 பாகை. கூட்டினால் 138 பாகை. பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை சராசரியாக 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 15,346. சரியான விடையிலிருந்து மூன்றே கிலோமீட்டர்தான் தள்ளியிருக்கிறது.

வேறு தடங்களுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது. முழுச் சூத்திரம் இது: முதல் ஊர் அட்சரேகையின் சைன் × இரண்டாம் ஊர் அட்சரேகையின் சைன், அதோடு, இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்கிக் கூட்டுங்கள். கிடைக்கும் எண் எந்தக் கோணத்தின் கொசைனோ, அதுதான் இடைக்கோணம். நம் தடத்துக்கு அந்த எண் –0.7426, கோணம் 137.95 பாகை, தூரம் சுமார் 15,340 கிலோமீட்டர்.

இங்கே பலர் செய்யும் தவறுகள் இரண்டு. மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறப்பது ஒன்று: 103.99-லிருந்து 73.78-ஐக் கழித்து 30 பாகை என்று எடுத்தால், நியூயார்க் போக வேண்டிய கோடு கிர்கிஸ்தான் பக்கம் போய் நிற்கும். கால்குலேட்டர் பாகையில் இல்லாமல் ரேடியனில் இருப்பது மற்றொன்று.

ஒவ்வொரு தளத்திலும் தூரம் வேறு வேறாக இருக்கிறதே?

மேலே கிடைத்த 15,340-க்கும் 15,349-க்கும் உள்ள வித்தியாசம்தான் முதல் காரணம். பூமியைச் சரியான உருண்டையாக எடுத்துக்கொண்டால் ஒரு விடை வரும். துருவங்களில் சற்றே தட்டையானது என்று எடுத்துக்கொண்டால் வேறு விடை வரும். சில தளங்கள் விமான நிலையத்துக்குப் பதில் நகர மையத்திலிருந்து அளக்கின்றன. சில தளங்கள் கடல் மைலைச் சாதாரண மைல் என்று போட்டுவிடுகின்றன. 8,288 ‘மைல்’ என்று எங்காவது பார்த்தால் அது இந்தக் குழப்பம்தான். கண்காணிப்புச் செயலிகள் காட்டுவதோ அன்று விமானம் உண்மையில் பறந்த தூரம். அது எப்போதும் 15,349-ஐவிட அதிகமாகவே இருக்கும்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் 17 மணி நேரம்தானே வர வேண்டும்?

வர வேண்டும். இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 மடங்கில் பறக்கிறது. சுமார் 11 கிலோமீட்டர் உயரத்தில், அங்குள்ள குளிரில், அது மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர். வகுத்தால் 17 மணி நேரம்.

மீதி எங்கே போகிறது? தரையில் ஊர்வதற்குச் சுமார் அரை மணி நேரம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. அதோடு, இவ்வளவு எரிபொருளைச் சுமந்து கிளம்பும் விமானத்தால் உடனே 39,000 அடிக்குப் போக முடியாது. முதலில் முப்பதாயிரத்துச் சொச்சம் அடியில் பறந்து, எரிபொருள் தீரத் தீரப் படிப்படியாக மேலே ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது அந்த 15,349 கிலோமீட்டர்க் கோட்டில் பறப்பதே அபூர்வம்.

போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. இந்தத் தடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றே ஒன்றுதான் உண்டு என்றால், அது இதுதான்.

வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு வேகக் காற்றோட்டம் ஓடிக்கொண்டே இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் மையத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். இரண்டு ஊர்களும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் தூரத்தில் பெரிய நஷ்டம் இல்லை. ஆகவே சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் ஜப்பான், வட பசிபிக், கனடா வழியாகப் போகிறது. நியூயார்க்கிலிருந்து கிளம்புவது பல நாட்களில் அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியப் பக்கமாக வந்து சேருகிறது. இரண்டுமே காற்றை முதுகில் வாங்கிக்கொள்கின்றன.

எண்ணாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. காற்றே இல்லாமல் 15,349 கிலோமீட்டரை மணிக்கு 903 வீதம் கடக்க 17 மணி நேரம். அதே கோட்டில் சராசரியாக 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால் 18 மணி நேரம். மாறாக, 16,200 கிலோமீட்டர் சுற்றிப் போய், சராசரியாக 60 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால் 16 மணி 50 நிமிடம். 850 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்தும் முன்னதாகப் போய்ச் சேரலாம்.

அன்றன்றைக்கு எந்த வழி என்பதை விமான நிறுவனத்தின் பறப்புத் திட்டப் பிரிவு, காற்று முன்னறிவிப்பைப் பார்த்துக் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்புதான் முடிவுசெய்கிறது. ‘வலப்பக்க ஜன்னல் எடுத்தால் அலாஸ்கா தெரியுமா?’ என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

வான்வெளி மூடல்கள் பாதிக்குமா?

பாதிக்கும். 2022-க்குப் பிறகு ரஷ்ய வான்வெளியைப் பல நாட்டு விமானங்கள் தவிர்க்கின்றன; சைபீரியா வழியான அந்தக் குறுகிய வழி நடைமுறையில் கைவசம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். 2025 ஜூனில் ஈரான் வான்வெளி மூடப்பட்டபோது, ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் இடையே பறந்த விமானங்கள் வடக்கே காஸ்பியன் பக்கமோ தெற்கே எகிப்து, சவூதி பக்கமோ ஒதுங்கின. நல்லவேளையாக இந்தத் தடத்துக்குப் பசிபிக், அட்லாண்டிக் என்று இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று அடைபட்டாலும் பயணம் நிற்பதில்லை, நேரம் கூடும்.

புறப்படும் நாள், சேரும் நாள் கணக்கு எப்படி?

சிங்கப்பூர் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னே. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி நேரம் பின்னே, கோடையில் 4 மணி நேரம் பின்னே. ஆகவே வித்தியாசம் குளிர்காலத்தில் 13 மணி, கோடையில் 12 மணி. அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு கடிகாரம் முன்னே நகரும். நவம்பர் முதல் ஞாயிறு திரும்பி வரும். சிங்கப்பூரில் இந்த மாற்றம் கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டு. செவ்வாய் நண்பகல் 12 மணிக்குச் சாங்கியில் கிளம்பி 18 மணி 30 நிமிடம் பறந்தால், சிங்கப்பூர் கடிகாரத்தில் புதன் காலை 6.30. அதிலிருந்து 13-ஐக் கழித்தால் நியூயார்க்கில் செவ்வாய் மாலை 5.30, கோடையென்றால் 6.30. கிளம்பிய நாளிலேயே சேர்ந்துவிட்டீர்கள்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கில் கிளம்பி 18 மணி 50 நிமிடம் பறந்தால் அங்கே செவ்வாய் மாலை 4.50. பதின்மூன்றைக் கூட்டினால் சிங்கப்பூரில் புதன் காலை 5.50. டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் ‘+2’ என்று இருப்பது அச்சுப்பிழை அல்ல. விடுதி முன்பதிவை ஒரு நாள் முன்னதாகவே போட்டு, ஓர் இரவுக் கட்டணத்தை வீணாக்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த +2-வைக் கவனிக்காதவர்கள்தான்.

விமானம் பசிபிக் வழியாகத் தேதிக்கோட்டைத் தாண்டினாலும் சரி, அட்லாண்டிக் வழியாகத் தாண்டாமல் போனாலும் சரி, சேரும் தேதி ஒன்றுதான்.

கோடையில் இன்னும் சுலபம்: வித்தியாசம் சரியாக 12 மணி என்பதால் கைக்கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம், பகலை இரவாக நினைத்துக்கொண்டால் போதும். சூரியனை வைத்துப் பார்த்தால் ஆண்டு முழுவதும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். 1982 ஜனவரி 1 முதல் சிங்கப்பூர் தன் இடத்துக்கு உரியதைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னே கடிகாரத்தை வைத்திருப்பதால்தான் குளிர்காலத்தில் 13 வருகிறது.

எந்த விமானம் பறக்கிறது? ஏன் எகானமி வகுப்பு இல்லை?

ஏர்பஸ் ஏ350-900 வகையின் மிகநெடுந்தூரப் பதிப்பு. இரண்டு எஞ்சின்கள். சாதாரண ஏ350-900-இல் சுமார் 1,41,000 லிட்டர் கொள்ளும் எரிபொருள் அமைப்பை இதில் 1,65,000 லிட்டருக்கு உயர்த்தியிருக்கிறார்கள். ஒரு லிட்டர் எரிபொருள் சுமார் 0.8 கிலோ, தொட்டிகள் நிறைந்தால் அதுவே 132 டன். விமானம் கிளம்ப அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 280 டன். ஏறக்குறைய பாதி எடை எரிபொருளுக்கே போய்விடுகிறது.

மிச்ச எடையில் விமானம், ஆட்கள், பெட்டிகள், உணவு எல்லாம் அடங்க வேண்டும். அதனால் இருக்கைகள் 161 மட்டுமே: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. முந்நூறு பேரை ஏற்றினால் அவ்வளவு தூரம் போக எரிபொருள் எடுக்க முடியாது. எரிபொருளை எடுத்தால் முந்நூறு பேரை ஏற்ற முடியாது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூன் 28 அன்று நான்கு எஞ்சின் கொண்ட ஏ340-500-ஐ வைத்துச் சிங்கப்பூர் – நியூவர்க் (நியூயார்க்கை ஒட்டி நியூ ஜெர்சியில் உள்ள விமான நிலையம்) சேவையைத் தொடங்கி, 2013 நவம்பரில் நிறுத்திவிட்டது. நான்கு எஞ்சின் குடித்த எரிபொருளுக்குக் கட்டணம் ஈடுகொடுக்கவில்லை. ஏ350 வந்த பின் 2018 அக்டோபர் 11 அன்று நியூவர்க் சேவையும், 2020 நவம்பர் 9 அன்று ஜே.எஃப்.கே சேவையும் தொடங்கின.

நடுவழியில் எரிபொருள் போதாமல் போனால்?

அந்த நிலைக்கு விடமாட்டார்கள். பயணத்துக்கு வேண்டியது போக, பொதுவாக அதில் 5 விழுக்காடு கூடுதல். சேரும் நிலையத்தில் இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையத்துக்குப் போக வேண்டியது. அதற்கும் மேல் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமிட வேண்டியது. இந்தக் கடைசி 30 நிமிடம் தொடப்படாமல் தரையிறங்க வேண்டும் என்பதே விதி.

எதிர்க்காற்று முன்னறிவிப்பைவிடக் கடுமையாக இருந்தால் விமானிகள் வழியில் உயரத்தையோ பாதையையோ மாற்றுவார்கள். கிளம்பும் முன்பே கணக்கு இடித்தால் சரக்கைக் குறைப்பார்கள். எதுவும் போதாவிட்டால் வழியில் ஓர் ஊரில் இறங்கி எரிபொருள் நிரப்புவார்கள். இது அரிது, நடந்தால் சில மணி நேரத் தாமதம்.

ஓரிடத்தில் இறங்கி மாறிப் போனால் எவ்வளவு கூடும்?

தூரம் நினைப்பதைவிடக் குறைவாகவே கூடும். தோக்கியோ நரிட்டா வழியாக 5,360-உம் 10,830-உம், மொத்தம் சுமார் 16,190 கிலோமீட்டர். நேர்வழியைவிட 840 மட்டும் அதிகம். பிராங்க்பர்ட் வழியாக 10,280-உம் 6,190-உம், மொத்தம் 16,470. துபாய் வழியாகச் சுமார் 16,850.

நேரத்தைத் தின்பது தூரமல்ல, இடைநிறுத்தம். பிராங்க்பர்ட்டில் நின்று போகும் எஸ்க்யூ 26-இல் இரண்டு மணி நேர நிறுத்தத்தோடு ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகிறது. அதில் எகானமி வகுப்பு உண்டு. இணைப்பு விமானத்துக்கு ஐந்தாறு மணி நேரம் காத்திருக்க வேண்டிய டிக்கெட்டில் 28 மணி நேரத்தைத் தாண்டிவிடும். விலை குறைவாகத் தெரியும் டிக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் காத்திருப்பைத்தான். நீண்ட நேரம் ஒரே இருக்கையில் உட்கார முடியாதவர்களுக்கு, நேரம் கூடினாலும் நடுவில் இறங்கும் பயணமே நல்லது என்பது எங்கள் கருத்து.

ஜே.எஃப்.கே-யா, நியூவர்க்கா?

நியூவர்க் 15,344 கிலோமீட்டர். பறக்கும் நேரத்தில் வித்தியாசம் இல்லை. போக வேண்டிய இடத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். குவீன்ஸ், புரூக்ளின், லாங் ஐலண்ட் என்றால் ஜே.எஃப்.கே. நியூ ஜெர்சி என்றால் சந்தேகமே வேண்டாம், நியூவர்க் (எஸ்க்யூ 21, 22). இரண்டு நிலையங்களும் ஒன்றுக்கொன்று நேர்க்கோட்டில் சுமார் 33 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவே மன்ஹாட்டனும் அதன் நெரிசலும் இருக்கின்றன. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் உள்நாட்டு விமானம் பிடிக்கும் டிக்கெட்டைத் தவிர்க்கவும்.

ஜே.எஃப்.கே-யில் இறங்கி வேறு அமெரிக்க ஊருக்குப் போக எவ்வளவு இடைவெளி விடலாம்?

குறைந்தது மூன்று மணி நேரம். பெட்டியைக் கடைசி ஊர் வரை பதிவுசெய்திருந்தாலும், அமெரிக்காவில் முதலில் இறங்கும் நிலையத்தில் குடிநுழைவை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். பிறகு பாதுகாப்புச் சோதனை மீண்டும் ஒருமுறை. தனித்தனி டிக்கெட்டாக எடுத்தவர்கள் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுவது நல்லது. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை.

இந்தத் தடத்தில் தாமதம் எதனால் வருகிறது?

பெரும்பாலும் நியூயார்க்கால். கோடை மாலைகளில் இடியுடன் கூடிய மழை, குளிர்காலத்தில் பனிப்புயல், விமானத்தின் மேல் படிந்த பனியை மருந்து தெளித்து நீக்குவதற்கான வரிசை. குறுகிய தடத்தில் இரண்டு மணி நேரத் தாமதம் இரண்டு மணி நேரத்தோடு போகும். இங்கே விமானிகளின் பணிநேர உச்சவரம்பு குறுக்கே வரும். சுழற்சி முறையில் ஓய்வெடுக்க நான்கு விமானிகள் இருந்தாலும், தரையில் நெடுநேரம் காத்திருந்தால் வரம்பு தீர்ந்துவிடும். அப்புறம் மாற்றுக் குழு கிடைக்கும் வரை விமானம் நகராது.

பயணிகளை ஏற்றிக்கொண்டு தரையிலேயே நிற்கும் சர்வதேச விமானம் நான்கு மணி நேரத்துக்குள் அவர்கள் இறங்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது அமெரிக்க விதி. பாதுகாப்புக் காரணங்களுக்கும், இறக்கிவிட்டால் விமான நிலையப் பணிகள் பெரிதும் பாதிக்கப்படும் என்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு சொன்னாலும் விலக்கு உண்டு.

வேளைக்கு மாத்திரை எடுப்பவர்கள் என்ன செய்வது?

கடிகாரத்தைப் பார்க்காமல், கடைசி வேளையிலிருந்து கடந்த மணி நேரத்தை எண்ணுங்கள். சிங்கப்பூரில் காலை 8 மணி மாத்திரை, நியூயார்க்கில் கோடையில் இரவு 8 மணி மாத்திரை; குளிர்காலத்தில் இரவு 7. சில நாள் மட்டும் தங்குபவர்கள் அப்படியே இரவில் எடுத்துக்கொள்ளலாம். இன்சுலின், வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் புறப்படும் நேரத்தையும் பறக்கும் நேரத்தையும் எழுதிக் காட்டி, வேளைகளைக் குறித்து வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்து கைப்பையில் இருக்கட்டும், இரண்டு மூன்று நாள் கூடுதலாகவே.

18 மணி நேரமும் செல்பேசிக்குச் சார்ஜ் கிடைக்குமா?

இருக்கையிலேயே மின்செருகியும் யுஎஸ்பி துளையும் உண்டு. கம்பி மட்டும் கொண்டுபோனால் போதும். 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் பவர் பேங்கால் செல்பேசியைச் சார்ஜ் செய்யவோ, இருக்கைத் துளையில் செருகிப் பவர் பேங்கைச் சார்ஜ் செய்யவோ அனுமதி இல்லை. கைப்பையில் வைத்திருக்கலாம், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் போடக் கூடாது.

இதைவிட நீளமான தடம் வருமா?

சிட்னி – லண்டன், சுமார் 17,015 கிலோமீட்டர். குவாண்டாஸ் நிறுவனம் அதற்காகக் கூடுதல் எரிபொருள் தொட்டியோடு ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் நீட்ட அதிக இடமில்லை: பூமியின் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே மேற்பரப்பில் உள்ள உச்சத் தூரமே சுமார் 20,000 கிலோமீட்டர்தான்.